எள்ளல் இல்லாத நகை

மக்கட்பிறப்புக்கு உரிய பேறுகளுள் சிரிப்பும் ஒன்று. அழுகையோடு பிறக்கின்றோம்; சிரிப்பையோ தாயின் முகம் பார்த்துச் சில கிழமைகள் சென்றபின்னரே கற்கின்றோம். உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழிப் புலப்படும் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியனார், நகையை முதற்கண் வைத்தார். உவகையை இறுதியில் வைத்தார். அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி என்னும் ஆறும் அவ்விரண்டின் இடையே அடங்கின. நகை வேறு, உவகை வேறு என்பது அதனால் விளங்கும். நகையில் தொடங்கியது உவகையில் முடிதல் வேண்டும் என்னும் கருத்தும் அவ்வைப்புமுறையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது.

நகை எவற்றால் பிறக்கும்? நான்கு பொருள்களால் பிறக்கும் என்பர் அவ்வாசிரியர். முதலாவது எள்ளல், அஃதாவது இகழ்தல். இரண்டாவது இளமை, அஃதாவது குழந்தைத் தன்மை. மூன்றாவது பேதைமை, அஃதாவது அறியாமை. நான்காவது மடன், பிறர் புகட்டியதை ஆராயாது ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொண்டிருத்தல் அது. இவற்றுள் எள்ளலுக்குப் பேராசிரியர் என்னும் பழைய உரைகாரர் ஒரு நுட்பம் கூறுகின்றார். தான் பிறரை இகழ்ந்து சிரிப்பது மட்டுமன்று, பிறரால் இகழப்பட்டவிடத்துத் தான் சிரிப்பதும் எள்ளலால் வந்த நகையே என்பது அந்நுட்பம். இவ்வுரையை வகுப்பில் பாடங்கேட்ட அன்று யான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் விடுதி விழாவுக்கு ஒரு சிறு நகைச்சுவை நாடகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மஞ்சள் விளையும் நாமகிரிப்பேட்டை என் ஊர். சேலம் நாமக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நிகழும். ஆடவர் பெண் வேடம் புனைந்து வருவர். கோமாளி அவர்களை வம்புக்கிழுப்பான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். சிரிப்பைப் பெறும் வழி எனக்கு நன்கு தெரியும் என்று அதனால் எண்ணிக்கொண்டேன். மெல்லிய குரலும் ஒசிந்த நடையும் உடைய ஓர் இளைஞனை நாடகத்துள் புகுத்தினேன். அவன் பேசவும் வேண்டியதில்லை. மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்தாலே போதும், மண்டபம் அதிர்ந்தது. அந்நடை எங்களோடு விடுதியில் உறையும் இளைய மாணவன் ஒருவனுடைய நடை. அதனை எல்லோரும் அறிவர். அவனும் முன்வரிசையில் அமர்ந்து எல்லோரையும் போலச் சிரித்தான். ஆதலின் குற்றமொன்றும் இல்லை என்று அமைதியுற்றேன்.

அதன்பின் பல நாள் அவன் உணவுக்கூடத்திற்கு ஏனையோர் எழுந்து சென்றபின்னரே வந்தான். பேராசிரியர் உரையைப் பாடங்கேட்ட அன்று மாலை அவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "நீயும் சிரித்தாயே, தம்பி" என்றேன். "நான் சிரிக்காமல் இருந்தால் இன்னும் அதிகமாய்ச் சிரிப்பார்கள், அண்ணா. அதனால்தான் சிரித்தேன்" என்றான். சிறிது நேரம் கழித்து அவனே ஒரு கேள்வி கேட்டான். "இப்படிப்பட்டவர்கள் வருகிற படங்களில், ஒன்று அவர்களைக் கேலி செய்கிறார்கள், இல்லாவிட்டால் கடைசியில் சாகடித்து நம்மை அழவைக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சந்தோஷமாய் எழுந்து வருகிற மாதிரி ஒன்றுமே இல்லையா, அண்ணா?"

அன்று என்னிடம் விடை இல்லை. தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை. அவன் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றேன். அவன் எத்தகையவன் என்பது அவனுக்கே உரிய செய்தி. யான் கேட்டதும் இல்லை, ஈண்டுக் கூறப்போவதும் இல்லை.

முதலில் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்வோர் திருநங்கையர். பெண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்வோர் திருநம்பியர். தம் பாலாரிடத்தே காதல் கொள்வோர் தன்பாலீர்ப்பு உடையோர். இவர்கள் அனைவரையும் ஒருங்கே சுட்டுதற்குப் பால்புதுமையர் என்னும் சொல் வழங்குகின்றது. 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு திருநங்கையர்க்கென நலவாரியம் ஒன்றை நிறுவியது; இந்தியாவில் அத்தகைய வாரியங்களுள் அதுவே முதலாவது. 2014இல் உச்சநீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை அவர்கட்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தன்பாலாரிடைக் காதல் குற்றமன்று என்னும் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6இல் வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் 2021 முதல் ஒரு வழக்கில் பிறப்பித்த ஆணைகளின் பயனாக, இவர்களைக் குறிக்கத்தக்க கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் 2022இல் அரசிதழில் வெளியாயிற்று.

எனினும் நம் இலக்கணம் இம்முடிவுக்கு வரப் பல நூற்றாண்டுகள் காத்திருக்கவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பெயர் எத்திணைக்கு உரியது என்னும் வினா எழுகின்றது. உயர்திணைக்கே உரியது என்று ஆசிரியர் விடை கூறிவிடுகின்றார். அவ்விடத்தே அவர்களுடன் சேர்த்து எண்ணப்படுவோர் யாவர் என்று நோக்கின் வியப்பு உண்டாகும், தெய்வங்களே அவர்கள். இவ்விரு திறத்தார்க்கும் தமக்கெனத் தனி விகுதி இல்லை. ஆயினும் அவர் உயர்திணையே என்பது அச்சூத்திரத்தின் கருத்து. விகுதி இல்லாமை இழிவன்று என்பதை இலக்கணம் அறிந்திருந்தது. நகைச்சுவை எழுதுவோர் அதனை மறந்தனர்.

பண்டைக் கூத்திலும் இத்தகையோர்க்கு இடம் இருந்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடு என்பதும் ஒன்று. வாணனது நகரில் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்கும்பொருட்டுக் காமனே பேடிக்கோலம் பூண்டு ஆடிய ஆடல் அது என்பது கதை. மணிமேகலையில் மணிமேகலையும் சுதமதியும் மலர்வனம் நோக்கிச் செல்லும் வழியில், புகார் நகரத்து மக்கள் இக்கூத்தினைச் சூழ்ந்து நின்று காண்கின்றனர். சுருண்ட தாடியும் பூமுடித்த கூந்தலும் ஒருவரிடத்தே அமைந்த அக்கோலத்தை ஆசிரியர் சாத்தனார் உறுப்புறுப்பாக வருணிக்கின்றார். அவ்வருணனையில் வியப்பு உண்டு, விளையாட்டு உண்டு, வெறுப்பு இல்லை. தமிழில் நாம் அறியும் இத்தகைய பழைய காட்சிகளுள் இதுவும் ஒன்று. அது மகிழ்ச்சிக் காட்சியாக இருத்தல் நோக்கத்தக்கது.

அக்கூத்தின் வழிவந்த நம் நாடகமேடையும் பால் வரம்பைக் கடந்து விளையாடியதே. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலசபை முதலிய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவரே சீதையாகவும் சந்திரமதியாகவும் நடித்தனர். தி. க. சண்முகம் அவர்கள் ஔவைப்பாட்டியாக நடித்த திறத்தால் 'அவ்வை சண்முகம்' என்றே வழங்கப்பெற்றார். மறுபுறம், கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடம் தாங்கினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடு முழுதும் பேசப்பட்டது. ஆங்கில ஆனர்ஸ் நண்பர்களுக்கு இது புதிதன்று. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' முதன்முதல் நடிக்கப்பெற்றபோது, ஆண் வேடம் பூண்ட பெண்ணாக ஒரு சிறுவனே நடித்தான் அன்றோ?

நிற்க. வேடம் வேறு, வாழ்வு வேறு. மேடையில் பெண்ணாக வந்தவனைக் கைதட்டி வரவேற்ற ஊர், மறுநாள் தெருவில் அதே நடையைக் கண்டால் கல்லெறிந்தது. இவ்வுண்மையை நம் மண்ணிலிருந்தே ஒருவர் எழுதிக் காட்டியிருக்கின்றார். நாமக்கல் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த எழுத்தாளர் ரேவதி அவர்களே அவர். தம்மையொத்த திருநங்கையரின் வாழ்க்கைகளைக் கேட்டுத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' என்னும் நூலை 2004இல் வெளியிட்டார். அவருடைய தன்வரலாறு வ. கீதா அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2010இல் வெளிவந்தது. பின்னர்த் தமிழில் 'வெள்ளை மொழி' என்னும் பெயரால் நூலாயிற்று. இளமையில் ஊர்த் திருவிழாவில் பெண் வேடம் புனைந்து ஆடியதை அதில் அவர் நினைவுகூர்கின்றார். அன்று ஊரார் வேடம் என்று கண்டது அவருக்கு மெய்யுருவாக இருந்தது. வேடம் களைந்து மீண்டும் அணிந்த ஆணுடையே அவருக்கு வேடமாயிற்று. அப்பெயராலேயே அ. மங்கை அவர்கள் இயக்கத்தில் தனிநபர் நாடகம் ஒன்றையும் அவர் நடித்துவருவாராயினர். திருவிழா மேடையில் தொடங்கிய ஆட்டம் இவ்வாறு தம் சொந்தப் பெயரோடு மேடையேறியது. 2019இல் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில், உலகப் பெண் எழுத்தாளர் சிலர் பெயர்களைப் பொறித்த பெருந்திரை ஒன்று தொங்கவிடப்பட்டது. டோனி மாரிசன், மாயா ஆஞ்சலு என்னும் பெயர்களோடு நாமக்கல் தந்த ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. இதைக் கேட்டபோது என் இளைய நண்பன் வாய்விட்டுச் சிரித்தான். அது அச்சத்தால் வந்த சிரிப்பன்று.

இனித் திரைப்படங்களை நோக்குவோம். பல்லாண்டுகளாகத் தமிழ்ப் படங்களில் திருநங்கை என்பவர் நகைச்சுவை நடிகர் அஞ்சி ஓடுவதற்கென்றே தெருமுனையில் நிறுத்தப்பட்ட ஒரு பொம்மையாக இருந்தார். இல்லையேல் கொடுமை புரியும் வில்லனாக இருந்தார். 2015இல் வெளிவந்த 'ஐ' என்னும் பெரும்படத்தில் தம்மை இழிவுபடுத்தியிருப்பதாகத் திருநங்கையர் வெளிப்படையாகக் கண்டித்ததைப் பலர் அறிவர். ஆயினும் மாற்றத்தின் அறிகுறிகள் அதற்கு முன்னரே தோன்றியிருந்தன. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' என்னும் நிகழ்ச்சியை ரோஸ் வெங்கடேசன் என்னும் திருநங்கை நடத்தினார். பிறரைக் கேள்வி கேட்கும் இருக்கையில் அவர் அமர்ந்தமையே புதுமை. 2010இல் வெங்கட் பிரபு இயக்கிய 'கோவா' என்னும் கேலிப்படத்தில் இரண்டு ஆடவர் காதலராக வந்தனர். சிற்சில இடங்களில் பழைய கேலியின் வாடை இருப்பினும், அவர்தம் ஊடலும் பொறாமையும் ஏனைக் காதலருடையவை போன்றே காட்டப்பட்டன. 2011இல் 'நர்த்தகி' என்னும் படத்தில் கல்கி சுப்பிரமணியம் என்னும் திருநங்கையே தலைமைப் பாத்திரம் ஏற்றார்.

எள்ளலை நீக்கிவிட்டால் நகைச்சுவைக்கு என்ன எஞ்சும் என்று கேட்பார் உளர். தொல்காப்பியனார் கூறிய ஏனை மூன்றும் எஞ்சும். இளமை, பேதைமை, மடன் என்னும் அம்மூன்றின்வழியே சிறந்த படங்கள் எவ்வாறு நகையை விளைவிக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது இளமை. 2019இல் தியாகராஜன் குமாரராஜா இயக்கிய 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில், பல்லாண்டுகட்கு முன் வீட்டைவிட்டுச் சென்ற தந்தையை ஒரு குடும்பம் ஆவலோடு எதிர்பார்த்திருக்கின்றது. காரிலிருந்து இறங்குபவர் சீலை உடுத்த ஷில்பா. வீட்டார் அனைவரும் பேச்சிழந்து நிற்க, சிறுவன் ராசுக்குட்டி ஒருவனுக்கே அதில் சிக்கல் ஒன்றும் தென்படவில்லை. அப்பா வந்துவிட்டார், அவ்வளவே. தனக்கும் தந்தை உண்டு என்று பள்ளித் தோழருக்குக் காட்ட வேண்டும் என்பதே அவன் கவலை. பெரியோர் உலகம் முழுதும் குழம்பிக்கிடக்க, குழந்தை ஒன்று தெளிவாக நடப்பதைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்பு ஷில்பாவைச் சுடுவதில்லை, நம்மைத்தான் சுடுகின்றது. இப்பாத்திரத்துக்காக விஜய் சேதுபதி அவர்கள் சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருது பெற்றார். இப்படத்தில் குறையும் உண்டு. திருநங்கையை நடிக்க ஆடவரை ஏன் அழைக்கவேண்டும் என்றும், குழந்தை கடத்தும் பழியை ஷில்பாவின்மேல் ஏன் ஏற்றவேண்டும் என்றும் திருநங்கையர் சிலர் கேட்டனர். நேர்மையான கேள்விகளே. படத்தின் காவல்நிலையக் காட்சி மிகக் கொடியது. இளையோர் அதனை அறிந்தே பார்த்தல் நன்று. எனினும் எவ்வுருவில் இருந்தாலும் எங்களோடு இரு என்னும் பொருள்பட மகன் பேசி, குடும்பம் மீண்டும் கூடுமிடத்தில் படம் நம்மை உவகையோடு அனுப்புகின்றது.

இதற்கு நேரான வெளிநாட்டுப் படம் ஒன்று உண்டு. 1994இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் எலியட் இயக்கிய படம் அது. பெண் வேடமிட்டு ஆடும் இருவரும் திருநங்கை ஒருவரும் 'பிரிசில்லா' என்று பெயரிட்ட பேருந்தில் ஏறிச் சிட்னி நகரிலிருந்து பாலைநிலத்தின் நடுவேயுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை செல்கின்றனர். அவர்தம் ஆடைகளின் ஆடம்பரமே பாதிச் சிரிப்பு. ஆடை அமைப்புக்காக அப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. பயணம் முழுதும், தன் மகன் தன்னைக் கண்டு என்ன நினைப்பானோ என்று ஒருவன் நடுங்குகின்றான். ஊர் சேர்ந்தால் மகனுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவனுக்கு அது பெரிய செய்தியே அன்று. தமிழ்நாட்டுச் சிறுவனாயினும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறுவனாயினும் குழந்தை மனம் ஒன்றே போலும்!

இரண்டாவது பேதைமை. அறியாமை வெறுப்பின் வேறானது. அது கேள்வி கேட்கும், திருந்தும். 2014இல் வெளிவந்த 'பிரைடு' என்னும் ஆங்கிலப்படம் மெய்யாக நடந்த நிகழ்ச்சியைத் தழுவியது. 1984இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் பெருவேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் படும் துன்பத்தைக் கண்டு, இலண்டனிலிருந்த தன்பாலீர்ப்பு உடைய இளைஞர் சிலர் தெருவில் வாளியேந்திப் பணம் திரட்டி, வேல்ஸ் நாட்டு டூலைஸ் பள்ளத்தாக்கிலுள்ள சுரங்கத் தொழிலாளர்க்கு அளித்தனர். நன்றி கூற அழைத்த அவ்வூரார், வந்தவர்களைக் கண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கின்றனர். பின்னர் மூதாட்டியர் ஒவ்வொருவராக அருகே வந்து கேட்கும் கேள்விகள் நம்மைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைக்கும். அறியாதவை ஆயினும் அன்பான கேள்விகள் அவை. வேலைநிறுத்தம் 1985இல் தோல்வியில் முடிந்தது. ஆனால் அவ்வாண்டு இலண்டனில் பால்புதுமையர் நடத்திய ஊர்வலத்திற்குச் சுரங்கத் தொழிலாளர் தம் கொடிகளோடு வந்து அதில் நடந்தனர். இது கதையன்று, வரலாறு. பசித்தவர்க்கு ஒரு வாளிக் காசு கொடுத்த நட்பு இவ்வளவு தூரம் சென்றது.

இந்தியிலும் இத்தகைய படம் ஒன்று வந்துள்ளது. 2022இல் வெளிவந்த 'பதாயி தோ' அது. பெண்களை மணக்க விருப்பமற்ற போலீஸ்காரர் ஒருவரும் ஆடவரை மணக்க விருப்பமற்ற உடற்பயிற்சி ஆசிரியை ஒருவரும், உறவினர் நச்சரிப்பிலிருந்து தப்பும்பொருட்டுத் தமக்குள் திருமணம் செய்துகொள்கின்றனர். நச்சரிப்பு அதனோடு முடிந்ததா? குழந்தை எப்போது என்னும் கேள்வி தொடங்கிற்று! 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று ஆண்டு முழுதும் கேட்கும் அத்தைமாரை அறியாத நாமக்கல்காரர் உண்டோ? படம் முழுதும் சிரிப்புக்கு இலக்காவோர் அவ்வுறவினரே. அவர்களும் இறுதியில் திருந்தும் அளவே கேலி செய்யப்படுகின்றனர்.

மூன்றாவது மடன். புகட்டியதை விடாது பற்றுவோர் பெரும்பாலும் நம்மை மிக நேசிப்போரே. அதனால் இவ்வகை நகையில் கண்ணீரும் கலந்திருக்கும். 2020இல் வந்த 'சுப மங்கள் ஜ்யாதா சாவ்தான்' என்னும் இந்திப் படத்தில் ஒரு தந்தை வேளாண்மை விஞ்ஞானி. கறுப்பு நிறக் காலிஃபிளவரை உண்டாக்கிப் பெருமை கொள்கின்றவர். இயற்கையின் நிறத்தையே மாற்றத் துணிந்த அவர், தம் மகன் மற்றோர் ஆடவனைக் காதலிப்பதை இயற்கைக்கு மாறு என்று கூறித் தடியெடுக்கின்றார். வாதம் இன்றியே அவர் மடமை வெளிப்பட்டுவிடுகின்றது. நகைச்சுவையின் ஆற்றல் இதுவே. கதையின் முடிவில் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வருகின்றது. தமக்கு முழுதும் விளங்காவிடினும் மகனை அவன் வழியே வாழவிடுகின்றார் தந்தை.

தமிழில் இதற்கு இணையாகக் கூறத்தக்கது ஜெயப்பிரகாஷ் இராதாகிருஷ்ணன் இயக்கிய 'காதல் என்பது பொதுவுடமை'. 2023இல் கோவா உலகத் திரைப்பட விழாவில் இடம்பெற்று, 2025 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. மகள் தன் காதலை அறிவிக்கின்றாள். வருபவன் நல்ல இளைஞன் என்று எண்ணித் தாய் மகிழ்ந்து விருந்துக்கு அழைக்கின்றாள். வந்தவளோ ஒரு பெண். தாயாக ரோகிணியும், தந்தையாக வினீத்தும், மகளாக லிஜோமோள் ஜோசும் நடித்துள்ளனர். தாம் நல்லவர், விரிந்த மனத்தினர் என்று நம்பியிருந்தோர், தம் வீட்டு வாசலில் சோதனை வந்தபோது தடுமாறும் தடுமாற்றமே இப்படத்தின் நகையும் அழுகையும். ஒருவரும் இறப்பதில்லை, ஒருவரும் கொடியவர் அல்லர். என் நண்பன் கேட்டதற்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ப்படம் இது என்பேன்.

இம்மூன்றும் நகையின் வாயில்கள். உவகையோ இவற்றினும் மேலானது. செல்வம், அறிவு, கூட்டம், விளையாட்டு என்னும் நான்கால் உவகை பிறக்கும் என்பது தொல்காப்பியம். 2015 முதல் 2020 வரை கனடாவில் ஒளிபரப்பான 'ஷிட்ஸ் கிரீக்' என்னும் தொலைக்காட்சித் தொடர் கூட்டத்தால் வரும் உவகைக்குச் சிறந்த சான்று. செல்வம் இழந்த குடும்பம் ஒன்று ஒரு சிற்றூரில் வந்து தங்குகின்றது. அக்குடும்பத்து மகன் அங்கே மற்றோர் இளைஞனைக் காதலித்து மணக்கின்றான். ஊரில் ஒருவரும் அதனை இகழ்வதில்லை. இகழ்ச்சிக்கு இடமே இல்லாத ஊராக அதனைப் படைத்தனர். சண்டையும் சிரிப்பும் ஏனைக் காரணங்களால் வருவன. 2020இல் அமெரிக்க எம்மி விருதுகள் ஒன்பதை அத்தொடர் பெற்றது. பகையின்றியும் கதை நடக்கும், சிரிப்பும் பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அறிவாலும் விளையாட்டாலும் வரும் உவகையைக் காண வேண்டுவோர் நாட்டிய அரங்குக்குச் செல்க. மதுரையில் பிறந்து, தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளை அவர்களிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜ் என்னும் திருநங்கை 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அன்று மாதவி ஆடிய மேடை வேறு. இன்று இவர் ஆடும் மேடை வேறு. ஆயினும் கண்டார் உள்ளம் கொள்ளும் களிப்பு ஒன்றே.

ஈண்டு ஒரு தடை எழலாம். கிறிஸ்தவக் கல்லூரி இதழில் இப்பொருள் தகுமோ என்பது அது. திருமணம் முதலியவற்றைப் பற்றித் திருச்சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்க்கும் அறிவும் வயதும் எனக்கு இல்லை. ஆனால் ஏளனத்தைப் பற்றி இரு கருத்து இருத்தல் இயலாது. ஏசாயா தீர்க்கதரிசி தம் நூலின் 56ஆம் அதிகாரத்தில், ஆலயத்துக்குப் புறம்பாகத் தள்ளப்பட்டிருந்த அண்ணகர்க்குக் கர்த்தர் தம் வீட்டினுள்ளே இடமும், மக்களைப் பெற்றோர் பெறும் பெயரினும் மேலான பெயரும் தருவதாக உரைக்கின்றார். அப்போஸ்தலர் நடபடிகளின் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி தேரிலிருந்து அந்த ஏசாயாவின் ஆகமத்தையே படித்துக்கொண்டு செல்கின்றார். மூலமொழியில் அவரும் ஓர் அண்ணகரே. பிலிப்பு அவரோடு தேரில் ஏறி அமர்ந்தார். வழியில் கண்ட நீரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அதன்பின் அவர் எவ்வாறு சென்றார் என்பதைச் சொல்லவும் வேதம் மறக்கவில்லை. மகிழ்ச்சியோடு சென்றார்.

மகிழ்வாரோடு மகிழவும் அழுவாரோடு அழவும் பவுல் அடிகள் உரோமருக்குக் கட்டளையிட்டார். இவ்விரண்டனுள் இரண்டாவதே அரிது என்று யான் எண்ணியிருந்தேன். இப்பொழுது அவ்வாறு எண்ணவில்லை. துன்புறுவோரைக் கண்டு அழும்போது நாம் உயரத்தில் நின்று இரங்கலாம். அவர் மகிழும்போது உடன் மகிழ்வதற்கோ அவரோடு ஒரே பந்தியில் அமர்தல் வேண்டும். திருநங்கை இறக்கும் படத்தைக் கண்டு அழுதோர் பலர்; அவர் பணிசெய்து, பகடி பேசி, மனையிருந்து வாழும் படத்தைக் கண்டு களிக்க அறிந்தோர் சிலர். நம் கல்லூரி அச்சிலரின் தொகையைப் பெருக்குமாக.

இவ்வாண்டு விடுதி விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பை அவ்விளைய நண்பனும் யானும் கூடி ஏற்றுள்ளோம். நகைச்சுவைக் காட்சியை அவனே எழுதி முடித்தான். தொல்காப்பியத்தை எப்போதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெய்ப்பாடுகளை எல்லார்க்கும் ஓதிவிட்டு, எதிரில் நிற்பவனுடைய மெய்ப்பாடு ஒன்றையும் அறியாத தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் அதில் வருகின்றான். பேச்சும் நடையும் அப்படியே என்னுடையவை. ஒத்திகையில் அவன் அதனைப் படித்துக்காட்டியபோது எல்லோரும் என்னைப் பார்த்தனர். யானும் சிரித்தேன். நேற்று இரவு அவன் எங்கள் பந்தியில், எங்கள் நடுவில் அமர்ந்து உண்டான்.